சேவல் கொண்டையில் பல் நட்ட டாக்டர்

சேவலின் கொண்டையில் மனிதப் பல் முளைக்குமா?

முளைக்காது. ஆனால் நட்டு வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று காட்டினார் ஒரு டாக்டர். அவர் பெயர் ஜான் ஹண்டர். லண்டன் மாநகரில் பேரும் புகழுமாக வாழ்ந்தவர். அவர் காலமாகி 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

இன்று பல் ஆஸ்பத்திரிகளில், பல் போன இடத்தில் உலோகத் திருகை எலும்பில் பதித்து அதன்மேல் புதுப் பல் வைக்கிறார்கள். இம்பிளான்ட் என்று அதற்குப் பெயர். மேல் தாடையில் எலும்பு போதவில்லை என்றால், எலும்புத் தூளை உள்ளே வைத்து, எலும்பையே வளர்த்துக்கொள்கிறார்கள். எலும்பு வளரும், கரையும், மறுபடியும் வளரும் என்பது தெரியாமல் இந்த வைத்தியம் வந்திருக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ளப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஹண்டர்.

அவர் கதை விசித்திரமானது. சில இடங்களில் பயங்கரமானதும் கூட.

படிப்பு வராத பையன்

1728ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஸ்காட்லாந்து நாட்டில் ஒரு கிராமத்துப் பண்ணை வீட்டில் ஹண்டர் பிறந்தார். பத்துக் குழந்தைகளில் அவரே கடைக்குட்டி.

படிப்பு என்றால் அவருக்கு வேப்பங்காய். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் காட்டுக்கு ஓடிவிடுவார். இலை ஏன் இலையுதிர் காலத்தில் நிறம் மாறுகிறது, மேகம் எப்படி உண்டாகிறது என்று காண்பவர்களை எல்லாம் கேட்டுத் துளைப்பார். எழுத்துக் கூட்டிப் படிக்கவே அவருக்கு வெகு காலம் ஆயிற்று. கடைசிவரை எழுத்துப் பிழை அவரை விடவில்லை.

13 வயதில் தந்தையை இழந்தார். வாலிபம் வந்தும் உருப்படியாக ஒரு தொழில் அமையவில்லை.

அவருடைய அண்ணன் வில்லியம், தம்பிக்கு நேர் எதிர். 10 வயது மூத்தவர். படித்தவர், பண்பாடு தெரிந்தவர். லண்டனில் பிரசவ டாக்டராகப் பெயர் எடுத்து, உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்றும் நடத்தினார். 1748ல், 20 வயதுத் தம்பி குதிரையேறி அண்ணனிடம் போய்ச் சேர்ந்தார்.

அண்ணன் ஒரு பிணத்தின் கையைக் கொடுத்து, தசைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டச் சொன்னார். தம்பி செய்த வேலையைப் பார்த்து அசந்துபோனார். புத்தகத்தைக் கண்டால் ஓடிய பையனுக்குக் கையில் கத்தி பேசியது!

பிணத் திருடர்கள்

பாடம் நடத்தப் பிணம் வேண்டுமே, எங்கே போவது? தூக்குத் தண்டனை பெற்றவர்களின் உடல்கள் சில கிடைக்கும். அவை போதாது. அதனால் அந்த நாளில் லண்டனில் பிணத் திருட்டு ஒரு தொழிலாகவே நடந்தது. ராத்திரியில் கல்லறையைத் தோண்டி, புதைத்த உடலை எடுத்து, டாக்டர்களுக்கு விற்பார்கள்.

இந்த ஆட்களோடு பேரம் பேசும் வேலை தம்பியிடம் வந்தது. கனவான்களின் கூட்டத்தில் அவருக்குப் பேச்சு வராது. இந்தக் கூட்டத்தில் தாராளமாகப் பழகினார். பத்து ஆண்டுகளுக்கு மேல் குளிர்காலம் முழுவதும் பிணம் அறுப்பதே வேலை. உடலின் உள்ளே இருப்பதைப் புத்தகத்தில் படிக்காமல் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார். பெரிய சர்ஜன்களிடமும் சேர்ந்து தொழில் பழகினார்.

பிறகு உடல்நலம் கெட்டது. 1760ல் பட்டாள டாக்டராகச் சேர்ந்தார். பிரான்ஸ் கரையோரம் உள்ள பெல் தீவிலும், போர்ச்சுக்கலிலும் யுத்த களங்களில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் செய்தார். 1763ல் யுத்தம் முடிந்து லண்டனுக்குத் திரும்பினார். அரைச் சம்பளப் பென்ஷன்தான் கையில். அண்ணனிடத்தில் அவர் இருந்த வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

வயிற்றுப் பாட்டுக்கு என்ன செய்வது? ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற பல் வைத்தியரோடு சேர்ந்துகொண்டார். படித்த டாக்டர்கள் பல்லைத் தொடுவதைக் கேவலமாக நினைத்த காலம் அது. சந்தையில் கடை போட்டவர்களும், நாவிதர்களும், கொல்லர்களும்கூடப் பல் பிடுங்கினார்கள். ஹண்டர் கூச்சப்படவில்லை. பிடுங்கிய ஒவ்வொரு பல்லையும் ஆராய்ந்தார்.

1771ல் மனிதப் பற்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். 1778ல் பல் நோய்களைப் பற்றி இரண்டாவது புத்தகம் வந்தது. பல் வைத்தியம் ஒரு விஞ்ஞானம் ஆனதில் இந்த இரண்டு புத்தகங்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

பல் போனால் எலும்பும் போகும்

பொக்கை வாய்ப் பாட்டியின் முகத்தைப் பாருங்கள். கன்னம் ஒட்டிப்போய், மூக்கும் மோவாயும் நெருங்கி வந்திருக்கும். பல் இல்லாததால் மட்டும் அப்படி ஆகிவிடவில்லை. பல்லைத் தாங்கி நின்ற எலும்பும் கரைந்து போய்விட்டது.

ஹண்டர் இதைத் தெளிவாகக் கண்டார். பல்லைச் சுற்றியுள்ள எலும்பு, தாடையைவிடப் பல்லுக்கே அதிகம் சொந்தம் என்று அவர் சொன்னார். பல்லோடு அது உண்டாகிறது. பல்லோடு வளர்கிறது. பல் போனால் அதுவும் போய்விடுகிறது. குடி இல்லாத வீடு இடிந்து விழுவதைப் போல!

எலும்பு எப்படி வளர்கிறது, எப்படிக் கரைகிறது? அதைப் பன்றிகளிடம் சோதித்தார். துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றும் ஒரு வேர் உண்டு. நம் நாட்டு மஞ்சிட்டிக்கு உறவு. அதைத் தீனியில் கலந்து கொடுத்தால், அந்த நாட்களில் புதிதாக உண்டாகும் எலும்பு சிவப்பாக இருக்கும். சாயத்தை நிறுத்தினால் அதன்மேல் வெள்ளை எலும்பு படியும். சிவப்பு உள்ளே போய், நாளடைவில் மறைந்துவிடும்.

இன்னொரு சோதனையும் செய்தார். பன்றிக்குட்டியின் கால் எலும்பில் இரண்டு துளை போட்டு, இரண்டு ஈயக் குண்டுகளை வைத்தார். பன்றி பெரிதாயிற்று. எலும்பு நீண்டது. ஆனால் குண்டுகளுக்கு நடுவே இருந்த தூரம் மாறவில்லை! ரப்பரை இழுப்பதுபோல் எலும்பு நீளவில்லை, நுனிகளில் புதிதாகச் சேர்ந்துதான் வளர்கிறது என்று விளங்கியது. இத்தகைய சோதனைகளை அவருக்கு முன்பே சிலர் செய்திருந்தார்கள். ஆனால் ஒரு பக்கம் கொத்தனார் கட்டிக்கொண்டே போக, மறுபக்கம் இடிப்பவன் இடித்துக்கொண்டே வருவதுபோல எலும்பு ஓயாமல் மாறுகிறது என்று சேர்த்துப் பார்த்துச் சொன்னவர் ஹண்டர்தான்.

கன்னத்துக்குள் காலி அறை

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்தி, நம் காலத்துப் பல் டாக்டரிடம் போய்விட்டு வரலாம்.

மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே, கன்ன எலும்புக்குள், இரு பக்கமும் ஒவ்வொரு காலி அறை இருக்கிறது. அதில் காற்று மட்டும்தான் இருக்கும். சைனஸ் என்று அதைச் சொல்கிறோம். ஜலதோஷம் பிடித்தால் கன்னம் கனத்து வலிக்கிறதே, அந்த இடம்தான். நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கில டாக்டர் 1651லேயே இதை எழுதி வைத்தார். இந்த அறையில் சீழ் பிடித்தால், கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கி, அந்தக் குழி வழியாக மேலே துளைத்துச் சீழை இறக்கலாம் என்று ஹண்டர் தம் இரண்டாவது புத்தகத்தில் எழுதினார். பல்லுக்கும் அந்த அறைக்கும் நடுவே இருக்கும் சுவர் அவ்வளவு மெல்லியது!

கடைவாய்ப் பல் போய் நாளானால் அந்தச் சுவர் இன்னும் மெலிகிறது. கீழேயிருந்து எலும்பு கரையும். மேலேயிருந்து காலி அறை இறங்கி வரும். சிலருக்கு 2, 3 மில்லி மீட்டர் எலும்புதான் மிஞ்சும். இம்பிளான்ட் திருகு சாதாரணமாக 10 மில்லி மீட்டர் அளவு நீளம் இருக்கும். மெல்லிய பலகையில் நீள ஆணி அடித்தால் எப்படி நிற்கும்?

அதற்குத்தான் சைனஸ் லிஃப்ட் என்ற ஆபரேஷன். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, கன்னப் பக்கத்து எலும்பில் சின்னதாக ஒரு ஜன்னல் திறக்கிறார்கள். உள்ளே காலி அறையை ஒட்டி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். முட்டை ஓட்டை உரித்தால் உள்ளே ஒரு தோல் இருக்கிறதே, அதுபோல. அது கிழியாமல் மெதுவாக மேலே தூக்க வேண்டும். இதில்தான் கை பழகவேண்டும். முட்டையை வைத்தே பழகுகிறவர்களும் உண்டு! தூக்கிய இடத்தில் எலும்புத் தூளை நிரப்பி, ஈறைத் தைத்துவிடுகிறார்கள்.

அந்த எலும்பு எங்கிருந்து வருகிறது? நோயாளியின் தாடையிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எடுக்கலாம். இறந்தபின் தானமாகக் கொடுத்தவர்களின் எலும்பைச் சுத்தம் செய்தும் வைக்கலாம். மாட்டு எலும்பிலிருந்து சதையும் கொழுப்பும் நீக்கி, சுண்ணாம்புச் சத்து மட்டும் மிஞ்சும்படி செய்த தூளும் உண்டு. செயற்கைத் தூளும் உண்டு. எதை வைத்தாலும் அது சாரம்தான். சுற்றியுள்ள எலும்பிலிருந்து ரத்தக் குழாய்கள் அதற்குள் நுழைந்து, புது எலும்பு கட்டவேண்டும். அதற்குப் பல மாதங்கள் ஆகும். ஆபரேஷன் செய்வது டாக்டர் என்றாலும், எலும்பைக் கட்டுவது நோயாளியின் உடல்தான்.

இந்த முறையை 1970களில் அமெரிக்காவில் டேட்டம் என்ற பல் டாக்டர் கையாண்டார். பாய்ன், ஜேம்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள், இடுப்பெலும்பை எடுத்து இப்படி வைத்ததைப் பற்றி 1980ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே ஸ்வீடன் நாட்டு பேராசிரியர் பிரானேமார்க், முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியம் உலோகத்தை எலும்பு விடாமல் பற்றிக்கொண்டதைக் கண்டு, 1965ல் முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடையில் டைட்டானியம் திருகைப் பதித்திருந்தார்.

பல் போன எல்லோருக்கும் இந்த ஆபரேஷன் தேவையில்லை. எலும்பு போதுமான அளவு இருந்தால் நேராகவே திருகைப் பதிக்கலாம். சிகரெட், பீடி குடிப்பவர்களுக்கு இது கைகொடுக்காமல் போகும் அபாயம் அதிகம்.

ஏழையின் பல், சீமாட்டியின் வாய்

இனி ஹண்டரிடம் திரும்புவோம்.

எலும்பும் பல்லும் உயிருள்ளவை என்று அவர் தெரிந்துகொண்டார். அப்படியானால் ஒருவர் பல்லைப் பிடுங்கி மற்றொருவருக்கு நட்டால் என்ன? சேவலின் கால் முள்ளை வெட்டி அதன் கொண்டையில் வைத்தபோது அது பிடித்துக்கொண்டு வளர்ந்தது. பிறகு, அப்போதுதான் பிடுங்கிய மனிதப் பல்லை ஒரு சேவல் கொண்டையைக் கீறி உள்ளே வைத்தார். பல தடவை தோற்றது. ஒரு தடவை பலித்தது! சில மாதங்கள் கழித்துச் சேவலைக் கொன்று, ரத்தக் குழாய்களில் சாயம் ஏற்றி, கொண்டையைப் பிளந்து பார்த்தார். பல்லுக்குள் ரத்தக் குழாய்கள் போயிருப்பதைக் கண்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைப் படித்தால் மனம் வருந்தும்.

லண்டன் பிரபுக்களும் சீமாட்டிகளும் சர்க்கரைப் பண்டம் தின்று பல்லைக் கெடுத்துக்கொண்டவர்கள். முன் பல் போனால் அழகு போயிற்றே என்று துடித்தார்கள். ஏழைகளுக்குக் காசு கொடுத்து, நல்ல பல்லைப் பிடுங்கி, அந்தச் சூட்டோடு பணக்காரர் வாயில் வைத்து, பக்கத்துப் பல்லோடு பட்டு நூலால் கட்டினார்கள். ஹண்டர் தம் புத்தகத்தில் இதற்கு முறை வகுத்தே கொடுத்தார். பல் கொடுப்பவர் வாலிப வயதாக இருக்க வேண்டும். ஒருவர் பல் பொருந்தாவிட்டால் உடனே அடுத்தவர் பல்லைப் பிடுங்குவதற்குத் தோதாக, பல பேரை வரவழைத்துத் தயாராக வைத்திருக்க வேண்டும்!

முதல் பல் பொருந்தாவிட்டால், அதைக் கொடுத்த ஏழையின் கதி என்ன? அதைப் பற்றி ஹண்டர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1787ல் ரோலண்ட்சன் என்ற ஓவியர் இதைக் கேலிச் சித்திரமாகப் போட்டார். நடுவில் சீமாட்டி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவனின் பல்லை டாக்டர் பிடுங்குகிறார். கதவோரம் கந்தல் உடுத்த இரண்டு பிள்ளைகள், தாடையைப் பிடித்தபடி போகிறார்கள். சிறுமி கையிலுள்ள காசைப் பார்க்கிறாள்.

இத்தனை செய்தும் பல் நின்றதா? நல்லபடியாக ஒட்டியது என்று நினைத்ததும் சில ஆண்டுகளில் வேர் கரைந்து விழுந்தது. சிலருக்கு அந்நியர் பல்லோடு அந்நியர் நோயும் வந்தது. இளம்பெண் ஒருத்தி அப்படி இறந்ததாக டாக்டர்கள் எழுதினார்கள். பல்லோடு மேக நோய் பரவுகிறது என்ற குற்றச்சாட்டை ஹண்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பல் வியாபாரத்தின் மவுசு குறைந்தது.

ஒருவர் உடலின் உயிருள்ள பாகத்தை மற்றவர் உடல் அந்நியன் என்று கண்டுபிடித்துத் தள்ளிவிடும். இதன் ரகசியத்தை மெடாவர் என்ற விஞ்ஞானி 1940களில்தான் விளக்கினார். அதற்காக 1960ல் நோபல் பரிசும் பெற்றார். இன்று பல் டாக்டர் வைக்கும் தான எலும்பிலும் மாட்டு எலும்பிலும் உயிரணுக்களை நீக்கிவிடுவதற்கு இதுதான் முக்கிய காரணம்.

சிறுத்தையைப் பிடித்தவர்

லண்டனுக்கு வெளியே ஏர்ல்ஸ் கோர்ட் என்ற இடத்தில் ஹண்டர் தோட்ட வீடு கட்டினார். அங்கே மிருகக் காட்சி சாலையே வைத்திருந்தார். ஒரு நாள் இரண்டு சிறுத்தைகள் கட்டறுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. ஒன்று நாய்களோடு சண்டை போட்டது. மற்றது சுவரேறத் தாவியது. ஹண்டர் வெறுங்கையோடு ஓடி, இரண்டையும் பிடித்து இழுத்துக் கூண்டில் தள்ளினார். அதன் பிறகே தாம் செய்த காரியம் உறைத்து ஆடிப்போனார்.

1771ல் ஆன் ஹோம் என்ற மங்கையை மணந்தார். அந்த அம்மாள் கவிதை எழுதுவாள். இசை மேதை ஹைடன் அவளுடைய பாட்டுகளுக்கு மெட்டு அமைத்தார். ஹைடனுக்கு மூக்கில் சதை வளர்ந்திருந்தது. ஹண்டர் அவரை வீட்டுக்கு அழைத்து, தடியர்கள் சிலரைக்கொண்டு நாற்காலியில் அமுக்கினார்! ஹைடன் கையையும் காலையும் உதைத்துக் கத்தி, சதையோடு தப்பி வந்தார். மயக்க மருந்து இல்லாத காலம். அவரைக் குறை சொல்ல முடியாது.

அவர்கள் குடியிருந்த லெஸ்டர் சதுக்கத்து வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசல் வழியாக அம்மாளின் விருந்தாளிகள் வருவார்கள். பின்வாசல் வழியாகப் பிணம் வரும்.

செயிண்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் சர்ஜன், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு சர்ஜன் என்று பதவிகள் வந்தன. 1785ல், முழங்காலுக்குப் பின்னால் ரத்தக் குழாய் வீங்கிய ஒரு வண்டிக்காரனுக்கு, காலை வெட்டாமல் தொடையில் குழாயைக் கட்டிப் பிழைக்க வைத்தார். அம்மைப் பால் கண்ட ஜென்னர் இவருடைய மாணவர்தான். ராத்திரி 4 மணி நேரமே தூங்குவார். சம்பாதித்த பணம் எல்லாம் எலும்புக்கும் பாட்டிலுக்கும் போயிற்று. சுமார் 14,000 பொருள்கள் சேர்த்தார்.

ராட்சத மனிதன்

1782ல் அயர்லாந்திலிருந்து சார்லஸ் பர்ன் என்ற வாலிபர் லண்டனுக்கு வந்தார். உயரம் 7 அடி 7 அங்குலம்! டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் அவரைப் பார்த்தார்கள். ஹண்டரும் அவர்மேல் கண் வைத்தார்.

பர்னுக்கு அது தெரியும். தாம் இறந்ததும் ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் போடும்படி நண்பர்களிடம் சொல்லி வைத்தார். 1783 ஜூன் மாதம், 22 வயதில் இறந்தார். சவப்பெட்டி கடலுக்குப் புறப்பட்டது. ஹண்டர் லஞ்சம் கொடுத்தார். வழியிலேயே உடல் மாறிவிட்டது. ஏர்ல்ஸ் கோர்ட் வீட்டில் பெரிய கொப்பரையில் கொதிக்க வைத்து, எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

எலும்பு உயிருள்ளது என்று உலகத்துக்குக் காட்டியவருக்கு, அந்த எலும்புக்குச் சொந்தக்காரனின் கடைசி ஆசை ஒரு பொருட்டாகப் படவில்லை.

ஹண்டருக்கு மாரடைப்பு நோய் இருந்தது. கோபம் வந்தால் நெஞ்சு வலிக்கும். தம் உயிர், தம்மைச் சீண்ட நினைக்கும் எந்தப் போக்கிரியின் கையிலும் இருக்கிறது என்று அவரே சொல்வார். 1793 அக்டோபர் 16ந் தேதி, ஆஸ்பத்திரிக் கூட்டத்தில், இரண்டு மாணவர்களைச் சேர்ப்பது பற்றி வாக்குவாதம் வந்தது. ஒருவர் மறுத்துப் பேசினார். ஹண்டர் பேச்சை நிறுத்தி அடுத்த அறைக்குப் போனார். அங்கேயே விழுந்து இறந்தார்.

வீட்டில் பணம் இல்லை. வில்லியம் கிளிப்ட் என்ற உதவியாளர், வாரம் 7 ஷில்லிங் கூலிக்கு அந்தச் சேகரிப்பை ஆறு ஆண்டுகள் காவல் காத்தார். 1799ல் பிரிட்டிஷ் சர்க்கார் 15,000 பவுன் கொடுத்து வாங்கி, சர்ஜன்களின் சங்கத்திடம் ஒப்படைத்தது. மைத்துனர் எவரார்ட் ஹோம், ஹண்டரின் கைப்பிரதிகளை எடுத்துப்போய், அவற்றிலிருந்த பலவற்றைத் தம் பெயரில் வெளியிட்டுவிட்டு, 1823ல் நெருப்பில் போட்டார். கிளிப்ட் முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்த பகுதிதான் தப்பியது. 1941ல் குண்டு விழுந்து சேகரிப்பில் பெரும் பகுதி அழிந்தது.

1859ல், ஒரு தேவாலயத்தின் நிலவறையில் ஆயிரக்கணக்கான சவப்பெட்டிகளுக்கு நடுவே ஹண்டரின் பெட்டியைத் தேடி எடுத்து, மன்னர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

பர்னின் எலும்புக்கூடு கண்ணாடிக்குள் நின்றது. அவர் பல்லிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்து, அவருடைய அசாதாரண உயரத்துக்குக் காரணமான கோளாறை 2011ல் கண்டுபிடித்தார்கள். வட அயர்லாந்தில் சில குடும்பங்களில் அதே கோளாறு இன்றும் இருப்பது தெரியவந்தது. அவரைக் கடலில் அடக்கம் செய்யவேண்டும் என்று பலர் கேட்டார்கள். 2023ல் லண்டன் ஹண்டர் மியூசியம் மறுபடியும் திறந்தபோது, அந்தக் கண்ணாடிப் பெட்டி காட்சியில் இல்லை. எலும்புகளை மட்டும், ஆராய்ச்சிக்காக என்று சொல்லி, சர்ஜன்கள் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொண்டது.